டம்ப் கோப்பில் கிடந்த கடவுச்சொல்

நாங்கள் கிளிநொச்சியில் இருந்துகொண்டு கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். புரோகிராம் இடையில் விழுந்தால், அந்த நேரத்து மெமரி முழுவதும் ஒரு டம்ப் கோப்பாக எழுதப்படும்படி வைத்திருந்தோம். அது சில நூறு எம்பி வரும். இணையத்தில் ஏற்றப் பொறுமை இல்லாதவர்கள், பென் ட்ரைவில் போட்டுப் புதுக்குடியிருப்பு பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். கடவுச்சொல் திருட்டு என்றால் எல்லோரும் தூரதேசத்து ஹக்கரை நினைக்கிறார்கள். எனக்கு அந்தப் பென் ட்ரைவ்தான் ஞாபகம் வரும்.

அறிவியல்நகரில் பொறியியல் படித்து முடித்து எங்களிடம் சேர்ந்த தம்பி ஒருநாள் கேட்டான்: "அண்ணை, டேட்டாபேஸில ஹாஷ் பண்ணித்தானே வைச்சிருக்கிறம், பிறகென்ன பயம்?" ஹாஷ் என்பது கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்க முடியாத வேறொரு எழுத்து வரிசையாக மாற்றுவது. அதைப் போடுவதற்கே அசல் எழுத்து ஒருமுறை மெமரிக்கு வந்தாக வேண்டும் என்றேன். அவன் நம்பவில்லை. சரி என்று ஒரு சோதனைக் கணக்கில் உள்நுழைந்து, டாஸ்க் மனேஜரிலேயே டம்ப் எடுத்து, கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து தேடினோம். சி ஷார்ப் மொழியில் ஒரு எழுத்துக்கு இரண்டு பைட். ஆங்கில எழுத்தென்றால் இரண்டாவது பைட் பூச்சியம். அது திரையில் புள்ளியாகத் தெரியும். எழுத்து, புள்ளி, எழுத்து, புள்ளி என்று முழுக் கடவுச்சொல்லும் வரிசையாக நின்றது. அடுத்ததைத் தேடு என்று அழுத்த, வேறொரு இடத்திலும் அதே வரிசை. சேவருக்கு அனுப்பிய செய்திக்குள் இன்னொன்று. (எங்கள் பக்கத்தில் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவின் விசைமுறையில் தமிழ்ப் பெயரை அடித்து, அதனால் வரும் ஆங்கில உளறலைக் கடவுச்சொல்லாக வைப்பார்கள். ஊகிக்கக் கஷ்டம்தான். டம்பில் அதுவும் அப்படியே கிடக்கும்.)

சி ஷார்ப்பிலும் ஜாவாவிலும் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) ஒன்றை உருவாக்கிவிட்டால் மாற்ற முடியாது, ஆகவே அழிக்கவும் முடியாது. பயன்படாத மெமரியைத் தானாக விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் வரும்போது போகும்; எப்போது வரும் என்பது அதன் இஷ்டம். அது இடத்தை ஒதுக்கி அடுக்கும்போது, நகர்த்திய பொருளின் பழைய பிரதி இருந்த இடத்திலேயே கிடக்கலாம். சி மொழியில் எழுதுகிறவர் தானே அழிக்கலாம், ஆனால் அங்கேயும் ஒரு வில்லங்கம்: கடைசியில் மெம்செட் என்ற கட்டளை போட்டுப் பூச்சியமாக்கினால், "இதைத்தான் பிறகு யாரும் வாசிக்கவில்லையே" என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடக்கூடும். அப்படித் தூக்கப்படாமல் அழிப்பதற்கென்றே விண்டோஸில் செக்கியூர் ஸீரோ மெமரி இருக்கிறது. லினக்ஸில் சி நிரல்கள் பயன்படுத்தும் கிளிப்சி நூலகத்தில் அதே வேலைக்கு 2017இல்தான் எக்ஸ்பிளிசிட் பிஸீரோ வந்தது.

நிரலில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஆபத்து கரண்ட் வழியாகவும் வரும். 2022இல் மின்வெட்டு நீண்ட மாதங்களில், பட்டரி இறங்கிய லப்டொப்கள் தாமாகவே ஹைபர்னேட் ஆகும். அப்போது மெமரியில் இருப்பது ஹைபர்ஃபில் என்ற கோப்பாக டிஸ்க்கில் இறங்கிவிடும். திரும்பி வந்த கரண்டில் மதர்போர்ட் கருகினால் டிஸ்க் போய்ச்சேருவது வவுனியாவில் ஏதாவதொரு திருத்தும் கடைக்கு. மெமரியை டிஸ்க்குக்குப் போகவிடாமல் பூட்டும் எம்லொக் என்ற லினக்ஸ் கட்டளை கூட இப்படி ஹைபர்னேட் ஆவதைத் தடுக்காது. லினக்ஸ் கையேடே அப்படிச் சொல்கிறது. முழு டிஸ்க்கையும் குறியாக்கம் செய்வதுதான் இதற்கு மருந்து.

சி ஷார்ப் நிரல்கள் ஓடும் மைக்ரோசொஃப்ட்டின் டொட்நெட்டில், கடவுச்சொல்லைக் காத்து வைக்க 2005இலிருந்தே செக்கியூர் ஸ்ட்ரிங் என்று ஒன்று உண்டு. புதிய நிரல்களில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று இப்போது மைக்ரோசொஃப்ட்டே சொல்கிறது. விண்டோஸுக்கு வெளியே அது குறியாக்கமும் செய்வதில்லை. நாங்கள் அதைத் தொடவில்லை. கடவுச்சொல்லை நகராத பைட் வரிசை ஒன்றில் வைத்து, உள்நுழைந்த கையோடு பூச்சியமாக்கி, அப்புறம் உள்நுழைந்ததற்கு அடையாளமாகச் சேவர் தரும் டோக்கனை மட்டும் வைத்திருக்கிறோம். டம்பையும், முழு மெமரிக்குப் பதிலாக ஸ்டாக் (அப்போது ஓடிக்கொண்டிருந்த செயல்களின் அடுக்கு) மட்டும் வருகிற சிறியதாக மாற்றினோம். என் கணக்கில் எல்லாவற்றிலும் அதிகம் பலன் தந்தது இந்த ஒரு அமைப்பு மாற்றம்தான்; வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடலாம் என்பது வாடிக்கையாளருக்கும் சந்தோஷம்.

மிச்சம் இருப்பது கடவுச்சொல் அடிக்கிற பெட்டி. நாங்கள் திரைகளைச் செய்யும் விண்டோஸ் ஃபோம்ஸின் டெக்ஸ்ட் பொக்ஸ், அடித்ததை ஸ்ட்ரிங்காகத்தான் திருப்பித் தரும். தம்பிக்குச் சொந்தமாக ஒரு பெட்டி எழுத ஆசை. கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளான கீபாஸ் காரர்களும் பாதுகாப்புக்கென்றே சொந்தப் பெட்டி எழுதியவர்கள்தான். 2023இல் பார்த்தால், ஒவ்வொரு எழுத்தை அடிக்கும்போதும் முந்தியவற்றுக்குப் புள்ளிகளும் கடைசியில் அந்த எழுத்துமாக ஒரு துண்டு மெமரியில் மிஞ்சியிருந்தது. துண்டுகளை வரிசைப்படுத்தினால் முதல் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் வந்துவிடும். 2.54 பதிப்பில்தான் சரிசெய்தார்கள். அந்தக் கதையை வாசித்துவிட்டும் தம்பி எழுதிக்கொண்டுதான் இருக்கிறான். முடிந்ததும் டம்ப் எடுத்துத் தேடுவது என் வேலை.