‘ரெண்டு சப்ளையர் இருக்காங்க சார்’

பர்ச்சேஸ் பிரிவில் 18 வருடமாக இருக்கிறேன். தலைப்பில் உள்ள வாக்கியத்தை எத்தனை மீட்டிங்கில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆபத்து, அவசரம் என்று யார் பேச்செடுத்தாலும் அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். கேட்டவரும் தலையாட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்.

நாங்கள் செய்வது கியர்பாக்ஸ். அதில் தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்க ஓர் ஆயில் சீல் உட்காரும். உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் வளையம்; எங்கள் பொருள் பட்டியலில் விலை குறைந்த சாமான்களில் ஒன்று. அதற்கு இரண்டு சப்ளையர். ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தைகூடக் கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் இருவரின் ஆர்டர்களும் எப்போதும் பச்சையில்தான் நிற்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை முதலாமவர் போன் செய்து, சரக்கு தாமதமாகும் என்றார். சரி, இன்னொருவர் இருக்கிறாரே என்று அவரைக் கூப்பிட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். காரணம் கேட்டால் இரண்டு பேரும் ஒரே மாதிரி இழுத்தார்கள். மூன்றாம் முறை கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இருவருமே ரப்பர் காம்பவுண்டை, அதாவது சீல் வார்க்கும் ரப்பர் கலவையை, தாங்களே கலப்பதில்லை, வெளியில் வாங்குகிறார்கள். கலந்து கொடுக்கும் ஆலையில் மிக்சரை ஓட்டும் கியர்பாக்ஸ் உடைந்துவிட்டது. (ஆமாம், கியர்பாக்ஸ். நாங்கள் செய்ததில்லை. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

இரண்டு பேருக்கும் அதே ஆலைதான்.

கையில் இருந்தது 6 நாளுக்கான சீல். ஏழாம் நாள் அசெம்பிளி நின்றது. சீல் இல்லாமல் எண்ணெய் ஊற்ற முடியாது, எண்ணெய் இல்லாமல் டெஸ்ட் பெஞ்சில் ஓட்ட முடியாது, ஓட்டிப் பார்க்காமல் பெயின்ட்டுக்கு அனுப்ப முடியாது. நடைபாதை முழுக்கப் பாதி முடிந்த கியர்பாக்ஸ்கள். வேறு காம்பவுண்டுக்கு மாறலாம் என்றால், சூடான எண்ணெயில் ஊறவைத்துச் சோதித்து, டெஸ்ட் பெஞ்சிலும் ஓட்டிப் பார்த்து ஒப்புதல் வாங்க வாரக்கணக்கில் ஆகும். மிக்சர் சரியாகி சீல் வந்து சேரும்வரை 11 வேலை நாள் அப்படியே நின்றோம்.

எல்லாம் முடிந்தபின் தரக்கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பழைய ஃபைல்களைப் புரட்டினேன். ஒவ்வொரு லாட்டோடும் ஒரு சோதனைச் சான்றிதழ் வரும். அதில் காம்பவுண்டின் பேட்ச் எண் இருக்கும். இரண்டு சப்ளையரின் சான்றிதழிலும் அந்த எண் ஒரே மூன்று எழுத்தில் தொடங்கியது. நான்கு வருடச் சான்றிதழ்களிலும் அப்படித்தான். தரக்கட்டுப்பாட்டில் கடினத்தன்மை சரியா என்று பார்த்துவிட்டு மூடிவைத்தார்கள். நாங்கள் அந்த ஃபைலைத் திறந்ததே இல்லை. மென்பொருள் விற்க வருகிறவர்கள் சப்ளை செயினை முழுசாகக் காட்டுகிறோம் என்று சொல்லும்போதெல்லாம் அந்த மூன்று எழுத்துதான் இப்போது ஞாபகம் வருகிறது. திரையில் தெரிவது நாங்கள் ஆர்டர் போட்டவர் வரைக்கும்தான். அவருக்குப் பின்னால் யார் என்பதை யாரும் அதில் ஏற்றவில்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் மாட்டியிருக்கின்றன. 2011 மார்ச்சில் ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் வந்தபோது, ஃபுகுஷிமா மாகாணத்தில் ஒனஹாமா என்ற ஊரில் மெர்க் நிறுவனத்தின் ஆலை நின்றுபோனது. கார் பெயின்ட்டுக்கு மினுமினுப்புத் தரும் சிராலிக் என்ற நிறமி அன்று உலகத்திலேயே அங்கு மட்டும்தான் தயாரானது. கார்க் கம்பெனிகள் பெயின்ட்டை வெவ்வேறு கம்பெனிகளிடம் வாங்கியிருக்கலாம், நிறமி ஓரிடத்திலிருந்துதான். சில கறுப்பு, சிவப்பு நிறங்களுக்கு ஃபோர்டு ஆர்டரைக் கட்டுப்படுத்தியது.

அதற்குப் பிறகு டொயோட்டா தன் சப்ளையரின் சப்ளையர், அவருக்கும் சப்ளையர் என்று தோண்டித் தோண்டி ஒரு தகவல் தளமே உருவாக்கியது. சிப்புகளைச் சில மாதங்களுக்கு இருப்பு வைக்கவும் ஏற்பாடு செய்தது. 2021இல் சிப் பஞ்சம் தொடங்கியபோது மற்றவர்களைவிட அது சமாளித்தது. ஆனாலும் அந்த ஆண்டு செப்டம்பர் உற்பத்தித் திட்டத்தை 40 சதவீதம் வெட்ட வேண்டியிருந்தது. தெரிந்து வைத்திருந்தால் எல்லாம் தப்பிக்கலாம் என்றில்லை, கொஞ்சம் நாள் கிடைக்கும்.

எனக்கும் அந்த நாள்தான் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவி ஃபோர்டுக்காகச் செய்த ஆய்வில் இரண்டு எண்களைப் பேசுகிறார். ஓர் இடம் நின்றால் மீண்டும் ஓட எத்தனை நாள்? அது இல்லாமல் நாம் எத்தனை நாள் ஓட முடியும்? எங்கள் சீலுக்கு 17, 6. மீதி 11, நாங்கள் சும்மா நின்ற அதே 11. விலை மலிவான சாமான்களில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கும் என்பதும் அந்த ஆய்வில் வந்தது. அதற்கு எனக்குத் தனியாக நிரூபணம் தேவைப்படவில்லை.

இப்போது எல்லாச் சப்ளையரிடமும் கேட்கிறேன். சுலபமில்லை. “பேரைச் சொன்னா நீங்க நேரா அங்கயே போயிடுவீங்களே” என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். நியாயமான பயம்தான், எங்கள் ஆட்கள் முன்பு அப்படிச் செய்ததும் உண்டு. அதனால் பெயர் கேட்பதை விட்டுவிட்டேன். எந்த ஊர், எத்தனை இடத்தில் வாங்குகிறீர்கள், அது நின்றால் எத்தனை நாள் தாங்குவீர்கள் — இவ்வளவுதான். பாதிப் பேர் பதில் தந்திருக்கிறார்கள்.

சீலைப் பொறுத்தவரை, கலந்த காம்பவுண்டை அதிக நாள் வைக்க முடியாது, தானாகவே இறுகத் தொடங்கிவிடும். வார்த்து முடித்த சீல் வருடக்கணக்கில் தாங்கும். மூன்று வாரத்துக்கான சீல் ஸ்டோர்ஸில் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. இரண்டாவது சப்ளையர் காம்பவுண்டை வேறு ஆலையிலிருந்து வாங்க ஒத்துக்கொண்டார். முதல் லாட் போன வாரம் வந்தது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே சான்றிதழை வாங்கிப் பேட்ச் எண்ணைப் பார்த்தேன். வேறு எழுத்துகள்.