சேலத்திலிருந்து அமெரிக்கா போகிறவர்களுக்கு: கார் வாங்கும் வரை என்ன செய்வது?

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு யாரும் டைம் டேபிள் பார்ப்பதில்லை. ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும், இல்லையென்றால் ஷேர் ஆட்டோ. இந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவில் போய் இறங்குகிற மாணவர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோரும் முதல் வாரத்திலேயே திணறுவார்கள். அங்கே பல ஊர்களில் பஸ் அரை மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சில தடங்களில் பஸ்ஸே கிடையாது.

அதனால் போக்குவரத்து பற்றிய முடிவை வீடு பார்க்கும்போதே எடுத்துவிட வேண்டும். வாடகை 100 டாலர் குறைகிறதே என்று பஸ் தடம் இல்லாத இடத்தில் வீடு எடுத்தால், மிச்சம் பிடித்ததை ஊபருக்குக் கொட்டிக்கொடுப்பீர்கள். சேலத்தில் உட்கார்ந்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கூகுள் மேப்ஸில் அந்த வீட்டின் முகவரியைப் போட்டு, கல்லூரிக்கோ மளிகைக் கடைக்கோ பஸ் வழி கேளுங்கள். புறப்படும் நேரத்தை 'இப்போது' என்று விடாதீர்கள். ஞாயிறு இரவு 8 மணி என்று மாற்றிப் பாருங்கள். அந்த நேரத்துக்கும் பஸ் காட்டினால் அது நல்ல இடம். மறுநாள் காலை 6 மணி பஸ்ஸைக் காட்டினால் வேறு வீடு பாருங்கள்.

ஊருக்கு ஊர் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. நியூயார்க், சிகாகோ, பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் கார் இல்லாமலேயே காலம் தள்ளலாம். அதே நாட்டில் டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டன், கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் வாழும் ஊர், இருந்த ஒரே பஸ் தடத்தையும் 2017-இல் நிறுத்திவிட்டது. இப்போது செல்போன் ஆப்பில் கூப்பிட்டால் வருகிற சிறு வேன்கள்தான் அங்கே பொதுப் போக்குவரத்து. நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கப் போகிற ஊர் அது. பெரிய நகரம் என்றால் பஸ் இருக்கும் என்று நாமே நினைத்துக்கொள்ளக் கூடாது.

சின்ன ஊராக இருந்தாலும் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் என்றால் கதை வேறு. ஆன் ஆர்பர், ஷாம்பெயின்-அர்பானா போன்ற இடங்களில் மாணவர் அட்டையைக் காட்டினால் ஊர் பஸ்ஸில் டிக்கெட்டே எடுக்க வேண்டாம். அந்தப் பணம் பல்கலைக்கழகம் வழியாக ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். இது தெரியாமல் வாரக்கணக்கில் காசு கொடுத்துப் போகிறவர்கள் உண்டு. அட்டை கையில் கிடைத்த அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பஸ்ஸில் ஏறுவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கண்டக்டர் கிடையாது. நிறுத்தம் என்பது பல இடங்களில் ஒரு கம்பமும் அதில் ஒரு தகடும் மட்டுமே. நிழற்குடையை எதிர்பார்க்காதீர்கள். கம்பத்தை ஒட்டி, டிரைவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். பத்தடி தள்ளி மரத்தடியில் நின்றால் நிறுத்தாமல் போய்விடுவார். முன் கதவில் ஏறி, கட்டண அட்டையைக் கருவியில் தட்ட வேண்டும் அல்லது பெட்டியில் பணம் போட வேண்டும். அந்தப் பெட்டி சில்லறை தராது. 20 டாலர் நோட்டைப் போட்டால் போனது போனதுதான். அதனால் முதல் வாரம் முழுக்க 1 டாலர் நோட்டுகள் கையில் இருக்கட்டும். பிறகு அந்தந்த ஊர் அட்டையை வாங்கிக்கொள்ளலாம்: சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிளிப்பர், சியாட்டிலில் ஓர்கா, சிகாகோவில் வென்ட்ரா, லாஸ் ஏஞ்சல்ஸில் டாப். பஸ் மாறிப் போகிறவர்களுக்கு அட்டைதான் லாபம். பல ஊர்களில் குறிப்பிட்ட நேரத்துக்குள் அடுத்த பஸ்ஸில் ஏறினால் மறுபடி கட்டணம் பிடிக்காது.

இறங்குவதற்கு விசில் இல்லை. ஜன்னலோரம் ஓடும் மஞ்சள் கயிற்றை இழுக்க வேண்டும், அல்லது கம்பியிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். முந்தைய நிறுத்தத்தைத் தாண்டியதுமே இழுத்துவிடுங்கள். யாரும் இழுக்கவில்லை, நிறுத்தத்திலும் ஆள் இல்லை என்றால் பஸ் நிற்காது. பின் கதவு பல பஸ்களில் தானாகத் திறக்காது. மேலே பச்சை விளக்கு எரிந்ததும் கதவிலுள்ள பட்டையைத் தொட்டோ தள்ளியோ திறக்க வேண்டும். மூட்டு வலி உள்ள பெற்றோர் ஏறச் சிரமப்பட்டால் டிரைவரிடம் சொல்லலாம். பஸ்ஸின் முன்பக்கம் தாழ்ந்து படி உயரம் குறையும். கூச்சமே வேண்டாம், அதற்காகத்தான் அந்த வசதி. சைக்கிள் இருந்தால் பஸ்ஸின் மூக்கில் இருக்கும் சட்டத்தில் மாட்டிக்கொண்டு போகலாம். நிறுத்தத்திலிருந்து வீடு 2 மைல் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

விமான நிலையத்திலிருந்து முதல் பயணம் எப்படி என்பதையும் விமானம் ஏறும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். சிகாகோ ஓஹேரில் புளூ லைன் ரயில் 24 மணி நேரமும் ஓடும். அட்லாண்டாவில் ரயில் நிலையம் உள்நாட்டு முனையத்தில் இருக்கிறது. நீங்கள் இறங்குவதோ சர்வதேச முனையம், நடுவில் இலவச பஸ் பிடிக்க வேண்டும். டல்லாஸில் டார்ட் என்ற ஊர் ரயிலின் ஆரஞ்சு லைன் 'ஏ' முனையத்திலிருந்து புறப்படுகிறது. ஆனால் ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டியோடு ரயில், பஸ் என்று மாறுவது தலைவலி. முதல் நாள் மட்டும் டாக்சிக்குச் செலவு செய்வதில் தப்பில்லை.

ஊபர், அதைப் போன்ற இன்னொரு டாக்சி ஆப்பான லிஃப்ட் (Lyft) இரண்டிலும் நம்மூர் மாதிரி கடைசியில் ரொக்கம் கொடுக்க முடியாது. சர்வதேசப் பரிவர்த்தனை திறந்துவிட்ட கார்டு தேவை. நம் வங்கிகள் கார்டு தரும்போது அதை மூடி வைத்துத்தான் தருகின்றன. வங்கி ஆப்பில் நீங்களே திறக்க வேண்டும். ஓ.டி.பி. வருகிற சிம் வேலை செய்யும்போதே, அதாவது சேலத்தில் இருக்கும்போதே, இதை முடித்துவிடுங்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் கவனிக்க: குழந்தை இருக்கை இல்லாவிட்டால் டிரைவர் ஏற்ற மறுக்கலாம். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

ஊர் விட்டு ஊர் போக கிரேஹவுண்ட், ஃபிளிக்ஸ்பஸ் என்ற பஸ் கம்பெனிகள் உண்டு, இரண்டும் இப்போது ஒரே குழுமம். நம்ம புது பஸ் ஸ்டாண்டு மாதிரி பெரிய நிலையத்தைத் தேடாதீர்கள். பல ஊர்களில் பெட்ரோல் பங்க் வாசலிலோ தெருவோரத்திலோ நிற்கும். டிக்கெட்டிலுள்ள முகவரியை முதல் நாளே மேப்பில் பார்த்து வையுங்கள். ஆம்ட்ராக் ரயில் வாஷிங்டன், நியூயார்க், பாஸ்டன் தடத்தில் அருமை. மற்ற இடங்களில் தண்டவாளம் பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பெனிகளுடையது. சரக்கு வண்டிக்கு வழிவிட்டு நிற்க நேர்வதால் தாமதம் சகஜம். நியூ ஆர்லியன்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் இடையே ஓடும் ரயில் வாரத்துக்கு 3 நாள்தான்.

வாடகைக் கார் எடுக்க நினைப்பவர்களுக்கு வேலை இங்கேயே ஆரம்பமாகிறது. டூ வீலர் லைசென்ஸ் மட்டும் வைத்திருந்தால் பயனில்லை, கார் ஓட்டும் உரிமமும் அதில் இருக்க வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம். ஓராண்டு செல்லும், அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் இதுவும் அதோடு போச்சு. மூல லைசென்ஸ் அட்டை இல்லாமல், சிறு புத்தகமாகத் தரும் இந்த அனுமதிக்கு மதிப்பில்லை.

அதிகம் சிக்குவது இனிஷியலில்தான். லைசென்ஸில் 'பி. செந்தில்', பாஸ்போர்ட்டில் 'செந்தில் பழனிசாமி', கிரெடிட் கார்டில் வெறும் 'செந்தில்' என்று இருந்தால் கவுண்டரில் சாவி தருவது சந்தேகம். மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து ஒரே பெயரா என்று பாருங்கள், திருத்த நேரம் இருக்கும்போதே. 25 வயதுக்குக் கீழே இருந்தால் தினசரி கூடுதல் கட்டணம் வரும். விளம்பரத்தில் காட்டும் வாடகையில் இன்சூரன்ஸ் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அதைச் சேர்த்தால் சில நேரம் வாடகையே இரண்டு மடங்காகிவிடும்.

மாருதி ஓட்டிப் பழகிய கைக்கு அங்கே இன்டிகேட்டர் இடது பக்கம். திரும்ப நினைக்கும்போதெல்லாம் வைப்பர் ஆடும், அது பரவாயில்லை. ஆபத்து காலில்தான். வாடகைக் கார் அநேகமாக ஆட்டோமேட்டிக். இடது கால் கிளட்சைத் தேடிப் போய் அகலமான பிரேக்கை மிதித்துவிடும், வண்டி நடுரோட்டில் குத்தி நிற்கும். இடது காலை இருக்கைக்கு அருகே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரில் இறங்கியவர்கள், அங்கே மலை இறங்கும்போதும் லோ கியருக்கு மாற்ற மறக்க வேண்டாம். ஆட்டோமேட்டிக்கிலும் அது உண்டு.

நாலு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்பு நமக்குப் புதுசு. சிக்னல் இல்லை, போலீஸ் இல்லை, ஹாரனும் இல்லை. ஒவ்வொரு வண்டியும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். முதலில் வந்தவர் முதலில் போவார். இருவர் ஒன்றாக வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு வழி. நம்ம ஐந்து ரோட்டில் மூக்கை நுழைத்தவர் போவது மாதிரி நுழைந்தால் டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, கையில் வரும். பள்ளி பஸ் சிவப்பு விளக்கு எரியவிட்டு நின்றால், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் எதிர்த்திசையில் வருபவரும் நிற்க வேண்டும்.

அங்கேயே லைசென்ஸ் எடுக்கப் போகும் மாணவர்கள், இறங்கியதும் லைசென்ஸ் அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். நாட்டுக்குள் வந்து 10 நாளாவது ஆகட்டும், கல்லூரியும் அரசின் மாணவர் விசா கணினியில் உங்கள் பதிவைச் செயல்படுத்தியிருக்கட்டும். அதற்குள் போனால் கணினியில் பெயர் வராமல் திருப்பி அனுப்புவார்கள். பாஸ்போர்ட், ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் விசா படிவம்), ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) அச்சுப்படி, முகவரிச் சான்று ஆகியவற்றோடு, சமூகப் பாதுகாப்பு எண் (அங்கே அரசு தரும் அடையாள எண்) இல்லாதவர்கள் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து 'எண் பெறத் தகுதி இல்லை' என்ற கடிதத்தையும் பல மாநிலங்களில் கொண்டுபோக வேண்டும். 65 வயதைத் தாண்டிய பெற்றோர், பஸ் அலுவலகத்தில் முதியோர் கட்டணம் கேளுங்கள். அரசின் உதவி பெறும் பஸ், ரயில்களில் நெரிசல் இல்லாத நேரத்தில் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வயதுச் சான்றுக்கு பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள்.