நிலை நீச்சல்

மத்தியதரைக் கடலில் இருக்கும் தீவு நாடான மால்டாவில் நான் முதலில் கற்றுக்கொண்ட மால்டீஸ் சொல் 'சஅய்க்'. 'உன் கால்கள்' என்று பொருள். நடுவில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். எனக்கு அது சரியாக வரவே மூன்று மாதம் பிடித்தது. எங்கள் வாட்டர் போலோ பயிற்சியாளர் குளத்தின் கரையில் நடந்துகொண்டே ஒரு மாலைக்கு ஐம்பது தடவையாவது இதைக் கத்துவார். பையன் பந்தைத் தவறவிட்டாலும் கால்தான், கோலுக்கு மேலே வீசினாலும் கால்தான். தண்ணீரில் மிதந்தபடி பந்தைக் கையால் கோலுக்குள் வீசுகிற ஆட்டத்தில் இவர் ஏன் எப்போதும் காலையே பிடித்துக்கொள்கிறார் என்று முதல் சில வாரங்கள் எனக்குப் புரியவில்லை.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. கபடி ஆடி வளர்ந்து, சென்னை நந்தனத்தில் உடற்கல்வி படித்தேன். 1920இல் தொடங்கிய அந்தக் கல்லூரி மைதானத்தின் மண் இன்னும் என் முழங்காலில் தழும்பாக இருக்கிறது. அப்புறம் விளையாட்டு அறிவியலில் மேற்படிப்புக்காக மால்டா போனேன். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் பாடம் ஆங்கிலத்திலேயே படிக்கலாம். நான் அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சி எல்லையைவிடச் சிறியது. ஆறு என்று ஒன்று கிடையாது. காவிரிக்கரையிலிருந்து போனவளுக்கு அது நம்ப முடியாத விஷயமாக இருந்தது. ஆனால் எந்தத் தெருவில் திரும்பினாலும் கடைசியில் கடல் தெரிந்துவிடும்.

பல்கலைக்கழகம் இம்சீடாவில். களப்பயிற்சிக்குக் கடலோரத்தில் ஒரு வாட்டர் போலோ கிளப்புக்கு அனுப்பினார்கள். பதினாறு வயதுக்குட்பட்ட பையன்கள் அணி. வார்ம்-அப் செய்ய வைப்பது, ரப்பர் பட்டை வைத்துத் தோள் பயிற்சி கொடுப்பது, யாருக்கு எங்கே வலி என்று எழுதி வைப்பது, இதுதான் என் வேலை.

அந்த ஊரில் கோடைக்காலம் என்றால் வாட்டர் போலோதான். இரவு விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம், பாட்டிகள் முதல் கைக்குழந்தைகள் வரை பார்க்க வருவார்கள். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் மால்டா முதன்முதலாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டபோது அனுப்பியது வாட்டர் போலோ அணியைத்தான். கிளப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் இதை எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள், நானும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் கபடிக் குழு கோப்பை ஜெயித்த வருடத்தை டீக்கடையில் சொல்லுவது போலவே இருக்கும். இவ்வளவு பற்று இருந்தாலும் விளையாட்டையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அங்கே குறைவு. எங்கள் பயிற்சியாளர் பகலில் வங்கியில் வேலை பார்த்தார், கோல்கீப்பர்களைப் பார்த்துக்கொண்டவர் பள்ளி ஆசிரியர். மாலை ஆறு மணிக்கு மேல் அலுவலகச் சட்டையோடு வந்து, அதைக் கம்பியில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். இவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை பெரியது.

அணியில் பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு வலது தோளில் வலி. வாட்டர் போலோவில் தோள்வலி சாதாரணம். நான் பரிசோதித்தேன். தோளை வெளிப்பக்கம் திருப்பும் தசைகள் பலவீனமாக இருந்தன. பந்து வீச்சைக் குறைத்து, ரப்பர் பட்டைப் பயிற்சியைக் கூட்டினேன். மூன்று வாரத்தில் வலி குறைந்தது. அவன் ஆட்டத்துக்குத் திரும்பிய இரண்டாவது வாரமே வலியும் திரும்பியது. மறுபடி அதே சிகிச்சை, மறுபடி அதே கதை. 'தோள் தசைப் பலவீனம்' என்று நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் பயிற்சியாளர் நின்றபடியே படித்தார். திட்டவில்லை. "தண்ணீருக்குள் போய்ப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

பார்க்கவில்லை. இத்தனை வாரமாக நான் கரையிலேயே நின்றிருந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியும். ஏழு வயதில் பெரியப்பா முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார். ஒரே கோடையில் குடுவை இல்லாமல் நீந்தினேன், கால் ஊன்றாமல் ஒரே இடத்தில் மிதந்து நிற்கும் நிலை நீச்சலும் பழகினேன். வயதுக்கு வந்த பிறகு கிணற்றுப் பக்கம் விடவில்லை. கபடிக்கு அனுப்பினார்கள், தண்ணீருக்கு அனுப்பவில்லை. அதன்பின் பதினொரு வருடம் கழுத்தளவு தண்ணீரில்கூட நான் நின்றதில்லை. அறிக்கையில் ஏன் அந்தக் குறை வந்தது என்று யோசித்தால், என் படிப்பைவிட இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தண்ணீரில் இறங்கிப் பார்க்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

மறுநாள் கை கால் முழுக்க மூடிய நீச்சல் உடை ஒன்று வாங்கினேன். உடை மாற்றும் அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் வேலையில் இருந்தார்கள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு மூழ்கியதும் வேறு ஆட்டம் ஒன்று தெரிந்தது. மேலே அமைதியாகப் பந்துக்குக் காத்திருக்கும் பையன்களின் கால்கள் கீழே ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. தரையைத் தொடக் கூடாது என்பது விதி. நல்ல ஆட்டக்காரனின் முழங்கால்கள் இரண்டும் அகன்று, நாற்காலியில் உட்கார்ந்தது போல் இருக்கும். பாதங்கள் மாறி மாறி எதிரெதிர்ப் பக்கம் வட்டம் போடும், முட்டை அடிக்கும் கருவியின் இரண்டு கம்பிகளைப் போல. இடுப்பு ஆடவே ஆடாது. நம் பையனின் வலது கால் மட்டும் வட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கத்தரி போல் மேலும் கீழும் வெட்டியது. நான்கு பகுதிகளாக நடக்கும் ஆட்டத்தில் மூன்றாவது பகுதி வருவதற்குள் அவன் உடம்பு நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. முழங்கை தண்ணீரை ஒட்டி வர, அப்படியே வீசினான்.

நிலத்தில் எறிபவருக்குத் தரை உதவுகிறது. பாதம் தரையை உதைக்க, அந்த விசை இடுப்பு வழியாக முதுகேறி, கடைசியில்தான் கைக்கு வருகிறது. தண்ணீரில் தரை இல்லை, சுற்றுகிற கால்கள்தான் தரை. அது தளர்ந்தால் மிச்ச விசை முழுவதையும் தோள் ஒன்றே கொடுக்க வேண்டும். நான் இத்தனை வாரமாகத் தோளுக்கு மட்டும் மருந்து போட்டிருக்கிறேன். ஏறிவருபவரின் முகத்தைப் பார்க்காதே, பெருவிரலைப் பார் என்று கபடியில் எனக்குச் சொல்லித்தந்தார்கள். மண்ணில் தெரிந்த அந்தப் பாடத்தை நான் தண்ணீருக்குக் கொண்டுபோகவில்லை.

கரையைப் பிடித்துக்கொண்டு இருவரும் மிதந்தபோது, வலது கால் ஏன் இப்படி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தான். "தொடை இடுக்கில் வலிக்கிறது மிஸ், ஜனவரியிலிருந்து" என்றான். சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறான். அப்போது மே மாதம். என் படிவத்தில் தோளைப் பற்றி மட்டும் பதினொரு கேள்விகள் இருந்தன, காலைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அவன் மறைத்தான் என்பதைவிட நான் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பயிற்சியாளரிடம் இருவரும் சேர்ந்தே போனோம். அவனை அணியிலிருந்து எடுக்கவில்லை, ஆட்டத்தை மட்டும் நிறுத்தி வைத்தார். முழங்கால்களுக்கு நடுவே பந்தை வைத்து அழுத்துவதில் ஆரம்பித்து, தண்ணீரில் கை வைத்துக் கால் சுற்றுவது, பிறகு மணிக்கட்டு வெளியே, பிறகு முழங்கை வெளியே என்று ஒவ்வொரு படியாக ஏறினோம். நானும் அவனோடு இறங்கினேன். என் கிணற்று நிலை நீச்சலில் உடம்பு மேலும் கீழும் துள்ளும். அதை நிறுத்தி வட்டமாகச் சுற்ற அவன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான். பயிற்சியாளர் என்னைப் பார்த்தும் "சஅய்க்!" என்று கத்தத் தொடங்கினார்.

அந்த வாரம் அம்மாவிடம் போனில் சொன்னேன். ஆழம் எவ்வளவு என்று கேட்டார். கால் எட்டாது என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. "நிலை நீச்சல் மறக்கலையா?" என்றார். மறக்கலம்மா என்றேன்.

இரண்டு கைகளையும் முழுதாக மேலே தூக்கியபடி நிற்க வேண்டும், அதுதான் கடைசிப் படி. முதல் நாள் பையன் ஒன்பது விநாடி நின்றான். ஜூலைக் கடைசியில் நாற்பது தாண்டினான், வலி இல்லை. அன்று நான் நின்றது இருபத்திரண்டு விநாடி. அறிக்கையைத் திருத்தி எழுதினேன். படிவத்தையும் மாற்றினேன்: முதல் கேள்வி இப்போது இடுப்புக்குக் கீழே தொடங்குகிறது.