தையல் லோயர், ஹையர் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு

அக்கா குழந்தைக்கு நான் தைத்த முதல் ஜப்லா மூன்றாவது துவைப்பில் தோள்பட்டையில் விட்டுப்போனது. பிசிறு உள்ளே அடங்கும்படி இரண்டு முறை தைக்கும் பிரெஞ்சு சீம் போட்டுத்தான் தைத்திருந்தேன். அதே சீமுக்கு என் சாம்பிள் ஃபைலில் டீச்சர் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார். ஃபைலில் ஒட்டிய துணியை யாரும் துவைப்பதில்லை; குழந்தையின் சட்டையைத் தினமும் துவைக்கிறோம். அதற்குப் பிறகு தேர்வுக்குப் பழகும் முறையையே மாற்றிக்கொண்டேன்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலும் ஒன்று. லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. லோயர் முடித்துவிட்டுத்தான் ஹையருக்குப் போக வேண்டும். ஹையரும் முடித்தவர்கள் கோடையில் நடக்கும் 42 நாள் டிடிசி (தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்) பயிற்சியில் சேர்வார்கள். பள்ளியில் தையல் ஆசிரியராக விரும்புகிறவர்கள் போகும் வழி அது. தகுதி, கட்டணம் எல்லாம் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது கைப்பழக்கத்தைப் பற்றி.

காடா துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு தையலையும் ஒரு முறை போட்டு ஃபைலில் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் பலரும் செய்வது. ஃபைல் அவசியம்தான். ஆனால் பயிற்சியை அதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு தையலையும் வீட்டில் யாராவது பயன்படுத்தப் போகிற ஒரு பொருளில் போடுங்கள். அது இழுபடும், கசங்கும், துவைபடும். எங்கே தப்பு செய்தோம் என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

பிரெஞ்சு சீமுக்கு நான் எடுத்துக்கொண்டது தலையணை உறை. துணியின் உள்பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து கால் அங்குலத்தில் முதல் தையல். பிறகு ஓரத்தை அரைக்கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். திருப்பி, மடிப்பை விரலால் நன்றாக நீவி, மறுபடி கால் அங்குலத்தில் இரண்டாவது தையல். என் ஜப்லாவில் இந்த இரண்டாவது தையல் மடிப்பின் விளிம்பை ஒட்டி ஓடியிருந்தது. உள்ளே அடங்க வேண்டிய பிசிறு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துவைக்கத் துவைக்க இழை இழையாகக் கழன்று வந்துவிட்டது. தலையணை உறையில் நீளமான நேர்க்கோடுகள் என்பதால் கை சீக்கிரம் பழகும். நான்கு உறை முடித்த பிறகு மறுபடி ஜப்லாவுக்குப் போனேன். பச்சைக் குழந்தையின் தோலில் பிசிறு உரசக் கூடாது என்பதற்குத்தானே அந்தத் தையலே இருக்கிறது!

கிராஸ் பீஸுக்கு, அதாவது சாய்வாக வெட்டிய பட்டியால் ஓரம் கட்டுவதற்கு, குழந்தையின் கழுத்தில் கட்டும் பிப் தைத்தேன். கழுத்து வளைவும் வெளி வளைவும் ஒரே பொருளில் கிடைக்கும், துணியும் கொஞ்சம்தான் ஆகும். துணியின் கரையைக் குறுக்கு நூலோடு சேர்த்து மடித்தால் வரும் சாய்கோட்டில்தான் பட்டியை வெட்ட வேண்டும். அவசரத்தில் கொஞ்சம் நேராக வெட்டிவிட்டால் வளைவில் படியாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். பட்டியை இழுத்து இழுத்துத் தைத்தாலும் கழுத்து சுருங்கிவிடும்.

பட்டன் மாட்டும் ஓட்டையான காஜாதான் எனக்குப் பெரிய பாடு. மெஷினில் எவ்வளவு வேகமாகத் தைப்பவர்களும் கையால் காஜா எடுக்கும்போது திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பட்டனின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டு, வெட்டு விளிம்பில் முடிச்சு வரிசையாக உட்கார வேண்டும், பட்டன் இழுக்கும் முனையில் விசிறி மாதிரி விரிய வேண்டும், மறுமுனையில் குறுக்குக் கட்டு. ஒரு காஜாவை ஒரே நூலில் முடித்துவிடுங்கள். நடுவில் நூல் மாற்றினால் அந்த இடம் தனியாகத் தெரியும். சின்னக் காஜாவுக்கு ஒரு முழம் நூல் போதும். அதற்கு மேல் நீளம் வைத்தால் சிக்கும், உரசி உரசிப் பஞ்சாகவும் போகும். அப்பாவின் பழைய சட்டையில் பட்டன் பட்டியை ஒட்டிப் புதுக் காஜா எடுத்து எடுத்துத்தான் பழகினேன். பத்தாவது காஜாவில்தான் முடிச்சுகள் ஒரே உயரத்தில் நின்றன. அந்தப் பத்தையும் தூக்கிப் போடாமல் வெட்டியெடுத்து ஒரே தாளில் குத்தி வைத்துப் பாருங்கள், எங்கே கை தளர்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

இழை ஓட்டிக் கிழிசல் அடைப்பதைப் பலர் பழகாமலே விட்டுவிடுகிறார்கள். நீளவாக்கில் இழை ஓட்டி, பிறகு பாய் முடைவது போல ஒன்று மேலே ஒன்று கீழே எடுப்பதுதான். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நூலை இறுக்காமல் சின்னதாக ஒரு கண்ணி விட வேண்டும். துவைத்தால் புது நூல் சுருங்கும், கண்ணி இல்லாவிட்டால் துணியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பாடத்தில் படித்தபோது இது எனக்கு மனதில் நிற்கவில்லை. தம்பியின் பள்ளிக்கூடச் சட்டையை அடைத்துத் துவைத்த மறுநாள் நன்றாக நின்றது.

டிராஃப்டிங்குக்கு, அதாவது உடையை அளவெடுத்துத் தாளில் வரைவதற்கு, ஒரு வழி சொல்கிறேன். ரெக்கார்டில் நான்கில் ஒரு பங்கு அளவில் வரையும் ஃபிராக்கை அப்படியே துணியில் வெட்டிப் பொம்மைக்குத் தைத்துப் பாருங்கள். கை பொருத்தும் ஆம்ஹோல் வளைவு முன்பக்கமும் பின்பக்கமும் ஏன் வேறுபடுகிறது என்று தாளில் எனக்குப் புரியவே இல்லை. இரண்டையும் ஒரே வளைவில் வெட்டிப் பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணின் பொம்மைக்கு மாட்டியபோது முன்பக்கம் பை மாதிரி உப்பியது, உடனே புரிந்தது. அப்புறம் அவளுக்கு அந்த ஃபிராக்கையே பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன், சின்ன எம்பிராய்டரியோடு.

எழுத்துத் தேர்வுக்கு அதிகம் பயப்பட வேண்டாம். தையல் வகைகள், மெஷினில் வரும் கோளாறுகள், துணி வகைகளை உங்கள் சொந்த வார்த்தையில் படத்தோடு எழுதிப் பழகினால் போதும். நூல் அறுவதும் அடியில் நூல் கொத்தாகத் திரள்வதும் ஏன் என்று தினம் மெஷினில் உட்காருகிறவருக்கு மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

செய்முறை நாளில் நேரம்தான் இடிக்கும். கடைசி மாதம் வாரத்துக்கு ஒரு முறையாவது கடிகாரம் வைத்து, வரைவதிலிருந்து இஸ்திரி வரை ஒரே மூச்சில் ஓர் உடையை முடியுங்கள். நான் வரைவதற்கே பாதி நேரத்தை விட்டுக்கொண்டிருந்தது அப்படித்தான் தெரிந்தது. தேர்வு மையத்தில் எந்த மெஷினில் தைக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். புது மெஷினில் உட்கார்ந்ததும் தேர்வுத் துணியைத் தொடாமல், அதே துணியின் துண்டு ஒன்றில் இரண்டு வரி ஓட்டுங்கள். அடியில் நூல் வளையம் வளையமாக வந்தால் அடி நூல் சுற்றிய பாபினைக் குடையாதீர்கள், முதலில் மேல் நூலைக் கழற்றித் திரும்பக் கோர்த்துவிடுங்கள்.

பையில் 14, 16 நம்பர் ஊசிகள் கூடுதலாக, துணி நிறத்துக்கு நூல் சுற்றிய இரண்டு பாபின், சின்னக் கத்தரி, கூர் தீட்டிய சாக்பீஸ், முனை தேயாத டேப். துணியை நீங்களே கொண்டுபோக வேண்டியிருந்தால் முந்தின வாரமே நனைத்து, காயவைத்து, நூல் நேராக ஓடுகிறதா என்று பார்த்து இஸ்திரி போட்டு வையுங்கள்.