ஆயிரம் வெள்ளிக்குள் ஓர் அலுவலக மடிக்கணினி

சிங்கப்பூரில் அலுவலக வேலைக்கான மடிக்கணினி ஆயிரம் வெள்ளிக்குள் வருகிறது என்றால் தயாரிப்பாளர் எங்கோ கைவைத்திருக்கிறார். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது சிப், அதாவது கணினியின் செயலி. அதில் குறைத்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். திரை, ரேம், பேட்டரி மூன்றும் பொடி எழுத்துச் சமாசாரங்கள். காசு அங்கேதான் மிச்சம் பிடிக்கப்படுகிறது.

முதலில் திரை. லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி புரோபுக் எதுவானாலும் ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகைத் திரைகள் வரும். விவரத்தாளில் ‘250 நிட்ஸ், 45% என்டிஎஸ்சி’ என்றிருந்தால் அதுதான் மலிவுத் திரை. நிட்ஸ் என்பது திரையின் வெளிச்சம், என்டிஎஸ்சி என்பது அது காட்டும் நிறங்களின் அளவு. விளக்கு வெளிச்சத்தில் கணக்கு எழுத அது போதும். சன்னலோர மேசைக்கும் காப்பிக்கடைக்கும் 300 நிட்ஸாவது வேண்டும். 45% என்டிஎஸ்சி திரையில் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். வாடிக்கையாளருக்குப் படம், வடிவமைப்பு அனுப்புகிறவர்களுக்கு அது ஆகாது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சுருக்குவழி உண்டு. தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்காமல் ‘ணூ’, ‘ஞூ’, ‘கூ’ ஆகியவற்றின் சுழிகளைப் பாருங்கள். 1366 x 768 திரையில் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டு எழுத்தே ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரியும். எட்டு மணி நேரம் அதைப் படித்தால் கண் வலிக்காமல் என்ன செய்யும்? 14 அங்குலத்துக்கு 1920 x 1080 குறைந்தபட்சம். 1920 x 1200 கிடைத்தால் எக்செல்லில் சில வரிசை கூடுதலாகத் தெரியும்.

ரேம் 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே மூன்று, நான்கு ஜிபி எடுத்துக்கொள்ளும். அதன்மேல் டீம்ஸ், எக்செல், குரோமில் பதினைந்து டேப் என்றால் 8 ஜிபி நிரம்பி, மிச்சம் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குப் போய்வரத் தொடங்கும். ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வரும் அரை நொடித் திக்கல் அதனால்தான். பிறகு ரேமைக் கூட்டலாமா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்துக்குப் போங்கள். ‘ஃபார்ம் ஃபேக்டர்’ வரியில் ‘சோடிம்’ என்றிருந்தால் கழற்றி மாட்டலாம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றால் போர்டில் பற்றவைத்தது, வாங்கியதோடு சரி.

சிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை, ஒரு பொறியைத் தவிர. ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி. முன்னது 4 கோர் (கணக்கிடும் பகுதி), பழைய ஜென் 2 தலைமுறை. பின்னது 6 கோர், ஜென் 3. ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் தலைமுறையைச் சொல்லும். பழைய இன்டெல் கணினி என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏற்கும் சிப்களின் பட்டியலிலோ 7ஆம் தலைமுறையில் அநேகமாக எதுவும் இல்லை.

சிம் லிம் சதுக்கக் கடைகளிலும் கரௌசெல் இணையச் சந்தையிலும் விற்கும் பழைய அலுவலகக் கணினிகளில் பல, நிறுவனங்களின் குத்தகை முடிந்து வந்தவை. பொருள் நல்ல பொருள்தான். பூட்டுதான் பிரச்சினை. நிறுவனங்கள் தங்கள் கணினிகளைத் தம் கட்டுப்பாட்டில் வைக்க உதவும் மைக்ரோசாஃப்ட் சேவை ஆட்டோபைலட். பழைய நிறுவனம் அதிலுள்ள பதிவை நீக்காமல் விட்டிருந்தால், அந்தப் பதிவு கணினியின் வன்பொருள் அடையாளத்தோடு மைக்ரோசாஃப்ட்டிடம் இருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவினாலும் போகாது. இணையமில்லாமல் நிறுவி விற்றால் வாங்கும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த முறை ரீசெட் செய்யும்போதுதான் யாரோ ஒரு நிறுவனத்தின் பெயரும் கடவுச்சொல் கட்டமும் வந்து நிற்கும். ஆகவே கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் அமைப்புத் திரைகளைக் கடக்கும்வரை நில்லுங்கள். அரைமணி நேரம் ஆகலாம். மறுக்கும் கடைக்காரரிடம் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை.

விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள்ளும் போய்ப் பாருங்கள். கணினியை முடுக்கியதும் அழுத்த வேண்டியது: திங்க்பேட்டில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. கடவுச்சொல் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடலாம். செக்யூரிட்டி பகுதியில், கணினியைத் தொலைவிலிருந்து கண்காணிக்கவும் பூட்டவும் உதவும் ‘அப்சொலூட்’ இயங்கிக்கொண்டிருந்தாலும் அப்படியே.

பேட்டரிக்கு, கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘பவர்சிஎஃப்ஜி’, ஓர் இடைவெளி, சாய்கோடு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஓர் அறிக்கை கிடைக்கும். அதில் டிசைன் கெப்பாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 34,000 என்றிருந்தால் மிஞ்சியிருப்பது 68%. எழுபதுக்குக் கீழே போனால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். மூடிய கணினியைச் சமமான மேசையில் வைத்து மூலையை அழுத்துங்கள். ஆடினாலோ, டச்பேட் அழுந்த மறுத்தாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அது விலை குறைத்து வாங்கும் பொருளல்ல. சார்ஜரில் சிங்கப்பூரின் ‘சேஃப்டி மார்க்’ முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, யார் பெயரில் வாங்குவது? 2012 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த, கோளாறுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் ‘லெமன்’ சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியும் கோளாறு தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. பழைய பொருளுக்கும் அது உண்டு, வயதையும் விலையையும் பொறுத்து எதிர்பார்ப்பு குறையும், அவ்வளவுதான். ஆனால் நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை, தனியாள் ஒருவர் விற்றாலும் இல்லை. ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறத்தான் நிறுவனத்தின் பெயரில் வாங்குகிறீர்கள் என்றால், கடைக்காரர் லாபத்தொகைக்கு மட்டும் வரி கட்டும் கிராஸ் மார்ஜின் முறையில் விற்கிறாரா என்று முன்னதாகக் கேளுங்கள். அப்படியானால் 9 விழுக்காட்டில் ஒரு காசும் திரும்பக் கோர முடியாது. எப்படி வாங்கினாலும் ரசீதில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லி, கணினியின் அடியில் உள்ள எண்ணோடும் பயாஸில் தெரியும் எண்ணோடும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.