ரேஸ் காருக்கு ஆர்பிஎம் சென்சார்: எதை எடுப்பது, எங்கே பூட்டுவது

நுவரெலியா பக்கத்து மஹகஸ்தோட்ட, றதெல்ல போன்ற மலையேற்றக் கார் பந்தயங்களில் ஓட்டம் தொடங்கிய கையோடு முடிந்துவிடும். அதற்குள் டயர் எங்கே சும்மா சுழன்றது, எந்த வளைவில் கியர் பிந்தியது என்று லாகரில் (ஓட்டத்தின் தரவைப் பதியும் கருவி) பார்க்க வேண்டுமென்றால் ஆர்பிஎம் கோடு, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் கோடு, சுத்தமாக வர வேண்டும். ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்ப முடியாது. மரமும் மண்மேடும் வானத்தை மறைக்கும் இடங்களில் அது தடுமாறும்.

சென்சார் வாங்க ஓடும் முன் காரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரேஸுக்கென்று பூட்டிய ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கேன் லைன், அதாவது தரவு அனுப்பும் வயர் ஜோடி, இருந்தால் ஆர்பிஎம் அதிலேயே வரும், வேலை முடிந்தது. கம்பனி ஈசியூ என்றால் டாக்கோ மீட்டருக்கு (டாஷ்போர்டில் ஆர்பிஎம் காட்டும் முள்) போகும் வயரில் சதுர அலை கிடைக்கும், அதுவும் நல்லது. பழுது பார்க்க ஸ்கேனர் கொழுவும் ஓபிடி சொக்கெட் இதற்குச் சரிவராது. லாகர் கேட்டு, ஈசியூ பதில் சொல்லி வருவதற்குள், டயர் சும்மா சுழலும் வீல்ஸ்பின் வந்து போய்விடும்.

எஞ்சினின் கிராங்க் தண்டு சுற்றுவதைப் பார்க்க ஈசியூ பயன்படுத்தும் இரண்டு வயர் கிராங்க் சென்சாரில் லாகரையும் சேர்த்துக் கொழுவுவது நம் கராஜ்களில் சர்வசாதாரணம். செய்யாதீர்கள். அது காந்தமும் சுருளும் கொண்ட வகை. தானே மின்சாரம் உண்டாக்குகிறது. லாகர் அதில் கொஞ்சம் இழுத்தாலும் சிக்னல் தளர்ந்து எஞ்சின் மிஸ் அடிக்கும். இக்னிஷன் கொயிலின் நெகட்டிவ் முனையில் நேரே கொழுவுவதும் ஆபத்துதான். ஒவ்வொரு ஸ்பார்க்கிலும் அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் எகிறும். அதற்கென்றே உள்ள இன்புட் இல்லாத லாகர் கருகிப் போகும்.

ஈசியூ இல்லாமல், ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் போட்ட பழைய மினி, ஃபோர்ட் லேசர் போன்ற கார்களுக்குத்தான் உண்மையில் தனி சென்சார் தேவை. என் தெரிவு, காந்தம் பக்கத்தில் வந்தால் உணரும் மூன்று வயர் ஹால் சென்சார். சுருள் வகையில் வேகம் குறைந்தால் வோல்டேஜும் குறையும். ஹாலில் அது மாறாது. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கழற்றிய எஞ்சின் சென்சார் வாங்கினால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: இரண்டு முனைக்கிடையே சில நூறு ஓமிலிருந்து ஓரிரு கிலோஓம் வரை காட்டினால் அநேகமாகச் சுருள் வகை.

ஹாலுக்குக் கிராங்க் புல்லியில் எதிரெதிராக இரண்டு காந்தங்கள் போதும், பேலன்ஸும் கெடாது. இரண்டிலும் ஒரே காந்த முனை சென்சாரைப் பார்க்க வேண்டும், அதுவும் சென்சார் கேட்கும் முனையாக இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது காந்தத்தைப் பிடித்து வைப்பதில். மையத்திலிருந்து 70 மி.மீ. தள்ளி ஒட்டிய 3 கிராம் காந்தத்தை, 7000 ஆர்பிஎம்மில் கிட்டத்தட்ட 11.5 கிலோ விசை வெளியே இழுக்கும். எபொக்சியை மட்டும் நம்பினால் ஒருநாள் அது பொனட்டுக்குள் பறக்கும். புல்லியின் முன்முகத்தில் குழி தோண்டி, வெளிப்பக்கம் உலோகச் சுவர் தாங்கும்படி இறக்குங்கள். சாதாரண நியோடிமியம் 80 பாகை செல்சியஸுக்கு மேல் பலம் இழக்கும். சூடு தாங்கும் ரகம் கேட்டு வாங்குங்கள்.

இடைவெளி 1 மி.மீ. அளவில், ஃபீலர் கேஜ் வைத்து. பிராக்கெட் எஞ்சின் பிளொக்கிலேயே இருக்க வேண்டும். சேஸியில் பூட்டினால், கிளட்ச் விடும்போது எஞ்சின் சாய, இடைவெளி மாறும். பெரும்பாலான ஹால் சென்சார்களின் அவுட்புட், சிக்னலைக் கிரவுண்டுக்கு இழுக்க மட்டுமே தெரிந்தது. லாகருக்குள் புல்-அப் (சிக்னலை மேலே தூக்கி வைக்கும் ரெசிஸ்டர்) இல்லாவிட்டால் சிக்னல் வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே ஒரு 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள். ஷீல்ட் வயரின் ஷீல்டை லாகர் பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். பிளக் வயருக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். ஏப்ரல் மாத நுவரெலியா மழையையும் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத் தடத்து மண்ணையும் நினைத்து, ரப்பர் சீல் உள்ள கனெக்டர்தான் போட வேண்டும்.

பிறகு செட்டிங். இரண்டு காந்தம் என்பதால் ஒரு சுற்றுக்கு 2 பல்ஸ் (சிக்னல் துடிப்பு) என்று லாகரில் கொடுங்கள். ஐட்லிங் 850 இருக்க வேண்டிய இடத்தில் லாகர் 1700 காட்டினால், அதில் 1 என்று கொடுத்திருக்கிறீர்கள்.

முதல் ஓட்டத்துக்குப் பின் ஆர்பிஎம் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல்நோக்கி ஊசி ஊசியாக எகிறினால் இக்னிஷன் இரைச்சல்: வயர் பாதையை மாற்றுங்கள், ரெசிஸ்டர் உள்ள பிளக்தானா என்று பாருங்கள். கீழ்நோக்கி விழுந்தால் பல்ஸ் தவறுகிறது: முதலில் இடைவெளி, அடுத்து காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூள், கடைசியாக கனெக்டர் பின்.