எழுபத்து நாலு கிலோ

அக்டோபரில் ஒருநாள், அலுவலகத்தில் காபி மெஷின் பக்கத்தில் நிற்கும்போது இத்தாலிக்கார சகா ஒருவர் சொன்னார்: "நவம்பர் மூன்றாவது வாரம் எங்கள் கிராமத்து வீட்டுக்கு வாருங்களேன். தொஸ்கானாவில், ஃபிளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவில். தங்குவதற்குக் காசு வேண்டாம், சாப்பாடு அம்மா சமைப்பார்."

கியாந்தி மலைப்பகுதியில் கல்வீடு, ஒயின், கணப்படுப்பு, இலவசம். அங்கேயே தலையாட்டிவிட்டேன். போகும்போது அவர் "பழைய பேன்ட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அந்த இடத்தில் விழித்திருக்கும்.

மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக ஏறக்குறைய 650 கிலோமீட்டர். நானும் மனைவியும் காரில் வெள்ளிக்கிழமை காலை கிளம்பி இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். வீடு படத்தில் பார்த்ததைவிட அழகு. சுவர் இரண்டடிக்குக் குறையாத கல். கோடையில் வெயிலை உள்ளே விடாதாம். குளிர்காலத்தில் குளிரை வெளியே விடாது என்பதை யாரும் சொல்லவில்லை. சமையலறையில் மட்டும் ஒரு விறகு அடுப்பு. அதை ஒட்டி உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு உறையும். மாடியில் எங்கள் அறையில் மூச்சுவிட்டால் புகை தெரிந்தது. ஸ்வெட்டர், மப்ளர், குல்லா, இரண்டு ஜோடி காலுறை சகிதம் படுத்தோம். ஃபோட்டோவுக்கென்று மனைவி கொண்டுவந்திருந்த பட்டுச் சால்வையும் நள்ளிரவில் போர்வைக் கணக்கில் சேர்ந்தது.

"இலவசம்னு சொன்னப்பவே நினைச்சேன்" என்றது போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்.

காலையில்தான் பழைய பேன்ட்டின் மர்மம் புரிந்தது. முற்றத்தில் சகாவின் அப்பா நின்றிருந்தார். எழுபத்தெட்டு வயது. பேரன் பேத்திகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே அவர் 'நோன்னோ', அதாவது தாத்தா. கையில் சுருட்டிய வலை, காலடியில் அடுக்கிய பிளாஸ்டிக் கிரேட்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பார்த்துவிட்டு ஒரு சீப்பைக் கையில் கொடுத்தார்.

நிஜமாகவே சீப்புதான். குழந்தைகள் கடற்கரை மணலில் விளையாடுகிற வாரி மாதிரி, உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் பிளாஸ்டிக். ஆலிவ் மரத்தைச் சுற்றித் தரையில் வலை விரித்துவிட்டு, கிளையைப் பிடித்து இழுத்து, பேன் பார்க்கிற பாட்டி மாதிரி மேலிருந்து கீழே வார வேண்டும். காய்கள் பொலபொலவென்று வலையில் விழும். உச்சிக் கிளைகளுக்கு மட்டும் பேட்டரியில் அதிரும் நீளக் கம்பு உண்டு. அதை நோன்னோ வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார்.

முதல் அரைமணி நேரம் சொர்க்கம். சரிவில் வெள்ளி நிறத்தில் மினுங்கும் இலைகள், தூரத்தில் சைப்ரஸ் மரங்கள், பனி விலகும் பள்ளத்தாக்கு. பாளையங்கோட்டை கான்வென்டில் படித்த என் மனைவிக்கு ஆலிவ் என்றால் பைபிளில் வரும் ஒலிவ மரம்தான். நோவாவின் புறா கொண்டுவந்த இலை, ஒலிவ மலை, 'கெத்செமனே' என்றாலே எண்ணெய்ச் செக்கு என்றுதான் அர்த்தம் என்று ஒரு சின்னப் பிரசங்கமே நடத்தினாள். நான் பக்திப் பரவசத்தில் நன்றாகக் கறுத்த காய் ஒன்றைப் பறித்து நாவல்பழம் தின்கிற மாதிரி வாயில் போட்டுக் கடித்தேன்.

கசப்பு என்ற சொல்லை இதுவரை பாகற்காய்க்கும் வேப்பங்கொழுந்துக்கும் வீணாக்கியிருக்கிறேன். காயில் ஒலியூரோபீன் என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறதாம். பாட்டிலில் நாம் வாங்கும் ஆலிவ் எல்லாம் உப்புத் தண்ணீரிலோ காஸ்டிக் சோடாக் கரைசலிலோ ஊறி அதை இழந்த பிறகு வருவது. மரத்திலிருந்து நேராகத் தின்பவன் ஒன்று ஸ்டார்லிங் பறவையாக இருக்க வேண்டும், அல்லது வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும். நோன்னோ வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஏனென்றால் அடுத்த பத்தாவது நிமிடம் நான் வலையை மிதித்தேன். விரித்த வலையில் பூட்ஸ் காலோடு நடப்பது அங்கே கோயிலுக்குள் செருப்போடு நுழைவதற்குச் சமம். நசுங்கிய காய் உடனே கெட ஆரம்பிக்கும், அந்த வாடை எண்ணெயில் ஏறும். கோணியில் கட்டி வைத்தாலும் சூடேறிப் புளித்துவிடும் என்பதால்தான் காற்றோட்டமான கிரேட். பறித்த காய் ஒன்றிரண்டு நாளுக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். இதையெல்லாம் அவர் இத்தாலிய மொழியில் கத்த, மகன் மிருதுவாக ஆங்கிலத்தில் சொல்ல, நான் மனதுக்குள் தமிழில் பதில் சொன்னேன்.

நியாயமாகச் சொன்னால், அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அங்கே பல மரங்கள் ஒற்றைத் தண்டாக இல்லாமல், தரையிலிருந்தே மூன்று நான்கு தண்டுகள் வட்டமாகக் கிளம்பி நின்றன. ஏன் என்று கேட்டேன். 1985 ஜனவரியில் ஒரு கடும் உறைபனி. ஃபிளாரன்ஸ் பக்கம் மைனஸ் 20க்கும் கீழே போயிருக்கிறது. தொஸ்கானாவின் ஆலிவ் மரங்களில் பெரும்பகுதி ஒரே வாரத்தில் கருகிவிட்டது. வேர் மட்டும் உயிரோடு இருந்ததால், தரையோடு வெட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். நம் மறுதாம்புக் கரும்பு மாதிரி பக்கத்தில் துளிர்த்து வந்தவைதான் இப்போது நாங்கள் தலைவாரிக்கொண்டிருந்த மரங்கள். "வெட்டும்போது எனக்கு நாற்பது வயதுகூட இல்லை" என்று சொல்லிவிட்டு நோன்னோ ஒரு தண்டைத் தட்டினார். அப்புறம் நான் வலைப்பக்கம் போனால் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். உறைபனி ஈரத்தில் காலுறையோடு.

மாலை நாலே முக்காலுக்குச் சூரியன் மறைந்தது. கழுத்து வானத்தைப் பார்த்தே நின்றுவிட்டது. இரவு ஊருக்கு வீடியோ கால். அம்மா விருதுநகர்க்காரர். கடலை, எள், செக்கு எல்லாம் விரல் நுனியில். குல்லாவும் சிவந்த மூக்குமாக நான் நிற்பதைப் பார்த்தார்.

"நூறு கிலோ காய்க்கு எவ்வளவுடா எண்ணெய் வரும்?"

"பன்னிரண்டு, பதிமூணு கிலோ வரும்மா."

"எள்ளு நூறு கிலோ ஆட்டினா நாப்பதுக்குக் கொறையாது. இதுக்குப் போயி…" என்றவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை ஏண்டா காயுது?" என்றார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சகா என்ன ஜோக் என்று கேட்டார். மொழிபெயர்க்க மறுத்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் வரை மழை. ஈரக்காய் பறிக்கக்கூடாது என்பதால் எல்லோரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். நோன்னோ மட்டும் உட்காராமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அன்றிரவு பத்து மணிக்கு ஆலையில் எங்கள் முறை. இந்தப் பருவத்தில் ஆலை ராத்திரி பகலாக ஓடும். கல்யாண மண்டபம் மாதிரி முன்கூட்டியே நேரம் பிடிக்க வேண்டும். குறைந்தது 250 கிலோ காய் இருந்தால் தனியாக ஆட்டித் தருவார்கள். குறைந்தால் அடுத்தவர் காயோடு கலந்து ஆட்டி, எடைக்கு ஏற்ப எண்ணெயைப் பிரித்துக் கொடுப்பார்கள். நோன்னோவைப் பொறுத்தவரை அது குடும்ப மானம். "கீழே விழுந்து கிடக்கிற காயைப் பொறுக்குகிறவன் எண்ணெயையா நான் தின்பேன்?" யாரைச் சொல்கிறார் என்று மலைச்சரிவுக்கே தெரிந்திருக்கும்.

மழை விட்டதும் பாய்ந்து பாய்ந்து பறித்தோம். ஐந்து மணிக்குப் பன்னிரண்டு கிரேட் நிறைந்தது. 250 வருமா? வீட்டில் இருந்தது குளியலறைத் தராசு ஒன்றுதான். கிரேட்டை அதன்மேல் வைத்தால் எண் தெரியாது. எனவே ஒருவர் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நிற்க வேண்டும், இன்னொருவர் குனிந்து படிக்க வேண்டும், ஆள் எடையையும் காலி கிரேட் எடையையும் கழித்துக்கொள்ள வேண்டும். சகாவுக்கு முதுகுவலி. நான் ஏறினேன்.

"உங்கள் எடை என்ன?" என்றார் நோன்னோ, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு.

"எழுபத்து நாலு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

அது பொய் இல்லை. கோடையில், காலையில், வெறும் வயிற்றில், துண்டு கட்டிக்கொண்டு பார்த்த எடை. பன்னிரண்டு முறை ஏறி இறங்கினேன். கூட்டிப் பார்த்தால் 260. நோன்னோ என் தோளைத் தட்டி, ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு நாளில் முதல் மரியாதை.

ஆலை பக்கத்துக் கிராமத்தில். உள்ளே நுழைந்ததும் வெட்டிய புல்லும் பச்சைத் தக்காளியும் கலந்த மாதிரி ஒரு வாசனை மூக்கில் அறைந்தது. அவரவர் கிரேட் அருகே அவரவர் காவல். ஒருவரும் தன் காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்கள் கிரேட்கள் தராசில் ஏறின. பெட்டி எடை கழித்து, சிவப்பு எழுத்தில்: 224.

நோன்னோ தன் தாளைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். ஆலைக்காரரைச் சந்தேகமாகப் பார்த்தார். தராசை மறுபடி போடச் சொன்னார். 224. பன்னிரண்டு கிரேட்டுக்கு 36 கிலோ வித்தியாசம். ஒரு கிரேட்டுக்குச் சரியாக மூன்று. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். சேறு அப்பிய பூட்ஸ், தடித்த ஜாக்கெட், அதற்குள் அவர் மனைவி இரண்டு நாளாகப் பரிமாறிய ரிபொல்லித்தா என்ற காய்கறி ரொட்டி சூப்.

"அப்பவே சொல்லியிருப்பேங்க, ஆளுங்க முன்னாடி வேண்டாம்னு விட்டேன்" என்றாள் மனைவி.

எங்களுக்குப் பின்னால் நின்றவர் தன் காயை முதலில் ஆட்ட ஒப்புக்கொண்டார். எங்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. ஓடினோம். வீட்டுக்குப் பின்னால் நாளைக்கென்று விட்டுவைத்த மரங்கள். நெற்றியில் டார்ச், வாயில் புகை, மூன்று டிகிரி குளிர். விரல்கள் என்னுடையவை என்ற உணர்வே இல்லை. நோன்னோ இருட்டில் அதிர் கம்பை ஓட்ட, காய்கள் எங்கள் தலையில் ஆலங்கட்டி மாதிரி விழுந்தன. யாரோ வலையை மிதித்தார்கள். இம்முறை நான் இல்லை, சகா. ஆனாலும் திட்டு எனக்குத்தான் விழுந்தது.

நள்ளிரவு தாண்டித் திரும்பினோம். கூடுதலாக 31 கிலோ. மொத்தம் 255. தராசில் எண் நின்றபோது அந்த ஆலையில் நின்ற அறிமுகமில்லாத இரண்டு பேர் கைதட்டினார்கள். கதை அதற்குள் பரவியிருந்தது.

பிறகு நடந்ததைப் பார்ப்பதற்காகவே அந்தக் குளிரை மன்னிக்கலாம். ஊதுகாற்றில் இலைகள் பறந்தன, காய் குளித்தது, கொட்டையோடு சேர்ந்து அரைபட்டு ஊதா நிறக் கூழானது. அந்தக் கூழைத் தொட்டியில் முக்கால் மணி நேரம் மெல்லப் பிசைகிறார்கள். சூடு 27 டிகிரியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் பாட்டிலில் குளிர்முறை என்று போட முடியாது. நோன்னோ தெர்மாமீட்டர் முன்னால் நின்று ஆணி அடித்த மாதிரி காவல் காத்தார். கடைசியில் சுழலும் இயந்திரம் நீரையும் சக்கையையும் பிரித்துத் தள்ள, ஒரு குழாயிலிருந்து எண்ணெய் வந்தது. மஞ்சள் இல்லை. வேப்பிலை அரைத்த பச்சை.

மூலையில் இருந்த கணப்பில் வாட்டிய ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, அந்த எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கொடுத்தார்கள். ஃபெத்துந்தா என்று பெயர். தொஸ்கானா ரொட்டியில் உப்பே கிடையாது. எண்ணெய் பேசட்டும் என்று ரொட்டி வாயை மூடிக்கொண்டிருக்கிறது. முதல் கடியில் பசும்புல், இரண்டாவதில் மிளகு, மூன்றாவதில் தொண்டை பிடித்துக்கொண்டு இருமல். நான் இருமியதும் நோன்னோவின் முகம் மலர்ந்தது. இருமல் வந்தால்தான் நல்ல எண்ணெயாம். அதற்குக் காரணமான ஒலியோகாந்தால் என்ற பொருள், வலிக்குப் போடும் ஐபுபுரோஃபன் போல வேலை செய்கிறது என்று 2005இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். என் கழுத்துக்கு அன்று ஒரு லிட்டராவது தேவைப்பட்டிருக்கும்.

கிடைத்தது 33 கிலோ, லிட்டரில் 36 சொச்சம். ஐந்து பேர், இரண்டு நாள், ஒரு பாதி இரவு. மணிக்கணக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பித்த மனைவி பாதியில் நிறுத்திவிட்டாள். கடையில் பாட்டில் பதினைந்து யூரோவா என்று முகம் சுளிப்பவன் நான். இப்போது அந்த அலமாரிப் பக்கம் போனால் குல்லாவைக் கழற்றிவிட்டு நிற்கிறேன்.

திங்கள் காலை கிளம்பும்போது நோன்னோ தகர டின்களை வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒட்டிய காகிதத்தில் மார்க்கரால் பெயர்: மகளுக்கு, தம்பிக்கு, பாதிரியாருக்கு. எங்களுக்கென்று ஐந்து லிட்டர் டின் ஒன்று. அதில் என் பெயர் இல்லை. பெரிய எழுத்தில் 74 என்று மட்டும் இருந்தது.

அதுதான் இப்போது அந்தக் குடும்பத்தில் எனக்குப் பெயர். அடுத்த வருடத்துக்கும் அழைப்பு வந்துவிட்டது. ஃபோனில் அவர் "செத்தாந்தாக்வாத்ரோ!" என்று உற்சாகமாகக் கூப்பிடுவார். இத்தாலிய மொழியில் எழுபத்து நாலு என்று அர்த்தம். ஒருமுறை பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

"யாருடா செத்தான்?" என்றார் பதறிப்போய்.